பழைய பாட்டைப் புதியவர் வாசிக்கும்போது

பழைய பாட்டொன்று புதிய உருவத்தில் திரும்பி வரும்போது, அதைக் கேட்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவது எல்லாத் தேசங்களிலும் நடக்கிற காரியம். தான் இளமையில் உயிரினும் மேலாக நேசித்த ஒரு பொருளை முன்பின் தெரியாதவர் யாரோ எடுத்துக் கையாண்டுவிட்டதாக ஒரு கட்சி மனம் வருந்துகிறது. இப்படியும் ஒரு சங்கீதம் உலகத்தில் இருந்திருக்கிறதா என்ற வியப்பில், எது பழையது, எது புதியது என்ற விசாரத்துக்கே இடம் கொடாமல் மற்றொரு கட்சி ஆனந்தத்தில் திளைக்கிறது. இவ்விருவரில் நியாயம் யார் பக்கம் என்று நான் வெகுகாலமாக யோசித்து வருகிறேன். யோசிக்க யோசிக்க, சங்கீதத்தோடு நின்றுவிடாத ஒரு கேள்வி இதற்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நாம் போற்றி வளர்த்தவற்றை நமக்குப் பின் வருகிறவர்கள் தம் மனம்போல் எடுத்தாளும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது, வயது ஏற ஏற ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் எதிர்ப்பட்டே தீருகிற கேள்வி.

இதை ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம். அமெரிக்காவின் ஸ்விங் ஜாஸ் சங்கீதத்தில் ‘சிங், சிங், சிங்’ என்ற உருப்படியைப் போலப் பல தலைமுறைகளின் காதில் விழுந்தது வேறு சிலவே இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த லூயி பிரீமா என்ற டிரம்பெட் வித்துவான், 1936ஆம் ஆண்டில் அதைச் சாகித்தியத்தோடு கூடிய உல்லாசமான பாட்டாக இயற்றினார். அடுத்த ஆண்டு ஜூலை மாதத்தில் பென்னி குட்மனின் வாத்தியக் குழு அதை இசைத்தட்டில் பதிவு செய்தபோது சாகித்தியம் முழுவதும் மறைந்துபோய்விட்டது. ஜீன் குரூப்பாவின் டிரம் முழக்கமே அதன் ஆதாரமாகிவிட்டது. சாதாரண இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷ நேரப் பாட்டே அடங்கும் என்றிருந்த அந்தக் காலத்தில், இந்த ஒரு உருப்படி பெரிய தட்டொன்றின் இரு பக்கங்களையும் அடைத்துக்கொண்டு எட்டு நிமிஷத்துக்கும் மேலாக ஓடியது. அதற்கு வாத்திய அமைப்புச் செய்தவர் ஜிம்மி மண்டி என்ற கறுப்பினக் கலைஞர். இடையிலே வந்து கலக்கிற ‘கிறிஸ்டோபர் கொலம்பஸ்’ என்ற மெட்டு, சூ பெரி என்ற மற்றொரு கறுப்பினக் கலைஞரான சாக்ஸபோன் வித்துவானுடையது. குட்மனோ, சிகாகோவில் குடியேறிய ஏழை யூதத் தையற்காரர் ஒருவரின் மகன். குரூப்பா போலந்து வம்சத்தவர். ஆகவே இன்று ‘மூலம்’ என்று நாம் வணங்குகிற இந்த வடிவம், பல ஜாதியாரும் பல மொழியினரும் ஒருவர் கொடுத்ததை மற்றவர் வாங்கி, தம்முடையதையும் சேர்த்து, மேடைக்கு மேடை, இரவுக்கு இரவு வளர்த்து எடுத்த ஒன்று. அப்படி வளர்த்தவர்களில் கறுப்பர்களுக்கு உரிய புகழும் ஊதியமும் அந்நாளில் கிட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1938ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி இரவு, மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதத்தின் சந்நிதானம் என்று பெயர் பெற்ற நியூயார்க் கார்னகி ஹாலில் குட்மனின் குழு கச்சேரி செய்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் உட்கார்ந்து வாசிப்பதே அபூர்வமாக இருந்த அக்காலத்தில், கறுப்பர்களான டெடி வில்ஸனும் லயனல் ஹாம்ப்டனும் அங்கே குட்மனுக்குச் சமமாக நின்று வாசித்தார்கள். நிகழ்ச்சியின் சிகரமாக ‘சிங், சிங், சிங்’ வந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிஷம் நீண்டது. டிரம்பெட்டுகளும் டிராம்போன்களும் முழங்கி ஓய்ந்த பிறகு குட்மனின் கிளாரினெட் தனித்து எழுந்து, மேலே மேலே ஏறி, உச்ச ஸ்தாயியில் மெல்லியதொரு நாதமாகத் தேய்ந்து நின்றது. அதற்குமேல் இறுதி முழக்கம் ஒன்றுதான் பாக்கி என்று சபையோர் எண்ணியிருக்கக்கூடிய அந்த நேரத்தில், ஜெஸ் ஸ்டேஸி என்ற பியானோ வித்துவான் வாசிக்கத் தொடங்கினார். மிஸிஸிப்பி நதிப் படகுகளில் வாசித்துப் பழகியவர் அவர். குட்மனின் குழுவில் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பக்கபலமாக அமர்ந்திருந்தவர். எழுதிவைத்த அமைப்பில் அவருக்கு அந்த இடத்தில் பங்கு ஏதும் இல்லை. சுமார் இரண்டு நிமிஷ நேரம், அவ்வளவு பெரிய ஆரவாரத்துக்கு நடுவே, பிரார்த்தனை போன்ற ஓர் அமைதியை அவர் விரல்கள் உண்டாக்கின. குரூப்பாவின் டிரம் அடங்கிய குரலில் அடியில் ஓடிக்கொண்டிருக்க, அந்த ஸ்வரங்கள் தயங்கித் தயங்கி, தம் வழியைத் தாமே தேடிக்கொண்டு நடந்தன. அன்றைய பதிவு ஓர் அலமாரியில் மறந்துகிடந்து 1950ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. அதை எத்தனை முறை கேட்டாலும், அந்த இடம் வரும்போது என் மூச்சு தானே நிதானப்படுகிறது.

இன்று பொற்காலத்தின் அடையாளமாகக் கருதப்படும் அந்தக் கச்சேரியை அன்று எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். சபை ஆரவாரம் செய்தது உண்மை. ஆனால் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் சங்கீத விமரிசகரான ஓலின் டௌன்ஸ் அதில் பெரிதாக ஒன்றையும் காணவில்லை என்றே எழுதினார். அவரும் கல்வி கேள்விகளில் சிறந்தவர். தாம் அறிந்த உயர்ந்த சங்கீதத்தின்மேல் உண்மையான பக்தி கொண்டவர். அந்தப் பக்தியே புதியதன் அழகை அவர் காணாதபடி மறைத்துவிட்டது. இன்று ஸ்விங் சங்கீதத்தின் காவலர்களாக நின்று புதிய வடிவங்களைப் பழிப்பவர்கள், அன்று டௌன்ஸ் இருந்த ஆசனத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இந்தப் பாட்டுக்கு நேர்ந்த மறுபிறவிகள் பல. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதன் அடியில் இயந்திர மேளத்தைப் பூட்டிச் சுழல விடுகிற ‘எலெக்ட்ரோ ஸ்விங்’ என்ற பாணி ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்விங் கேர்ள்ஸ்’ என்ற ஜப்பானியத் திரைப்படத்தில், நாட்டுப்புறப் பள்ளி மாணவிகள் ஒரு வாத்தியக் குழு அமைத்து, முடிவில் இந்த உருப்படியையே வாசிக்கிறார்கள்; அதில் நடித்த பெண்கள் அதற்காகவே வாத்தியம் கற்றுக்கொண்டு தாங்களே வாசித்தார்கள். இவற்றையெல்லாம்விட என் மனத்தை ஆட்கொண்டது, ஜப்பானின் கியோத்தோ நகரத்திலுள்ள தாச்சிபானா உயர்நிலைப் பள்ளியின் வாத்தியக் குழு. ஆரஞ்சு நிற உடையினால் ‘ஆரஞ்சுப் பிசாசுகள்’ என்ற செல்லப் பெயர் பெற்ற அந்தக் குழு, புத்தாண்டுக் காலத்தில் கலிபோர்னியாவின் பாஸடீனா நகரில் நடைபெறும் ரோஸ் பரேடில் 2012, 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் கலந்துகொண்டது. ‘சிங், சிங், சிங்’ அவர்களுடைய முத்திரை உருப்படி.

அவர்கள் வாசிப்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கே அந்த ஆச்சரியம் விளங்கும். பதினாறு, பதினேழு வயதுப் பெண்களே பெரும்பான்மையோர். தோளிலே கனத்த வாத்தியம். உதட்டிலே அதன் ஊதுவாய். அந்த நிலையிலேயே முழங்கால் இடுப்பளவு உயரும்படி துள்ளுகிறார்கள். இடமும் வலமும் சாய்கிறார்கள். ஒரு வரிசை குனிய மற்றொரு வரிசை நிமிர்கிறது. இவ்வளவுக்கும் நடுவே சுருதி கலையவில்லை, முகத்தில் சிரிப்பும் மாறவில்லை. ரோஸ் பரேடின் வீதி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம். ஓடிக்கொண்டே ஊதுவதற்கு நெஞ்சிலே எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றைச் சம்பாதிப்பதற்கு எத்தனை விடியற்காலைகளைச் செலவிட்டிருக்க வேண்டும் என்று நினைக்கும்போது, எதிரே நிகழ்வது ஒரு பள்ளிக்கூட ஊர்வலம் என்பதே மறந்துபோகிறது.

இதைக் கேட்டவர்கள் சொல்வது என்ன? வீதியோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்களிலே, தாய் தந்தையர் நடனமாடிய காலம் நினைவுக்கு வந்து கண் கலங்குகிறவர்கள் உண்டு. ஜாஸ் சங்கீதத்தை முறையாகக் கற்றவர்களிலே, ‘வேகம் அதிகம்; ஸ்விங்குக்குரிய அசைவு இல்லை’ என்று தலையை ஆட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடாது. ஸ்விங்கின் ஜீவன் தாளத்தைச் சமமில்லாமல் பகுப்பதில் இருக்கிறது: ஒரு பாதி நீண்டு, மறுபாதி குறுகி, அந்தக் குறுகிய பாதி அடுத்த அடிமேல் சாய்ந்து விழுகிற அழகுதான் கேட்கிறவன் உடம்பை அசைக்கிறது. அணிவகுத்து நடக்கிற வேகத்தில் அந்த ஏற்றத்தாழ்வு ஓரளவு நேராகிவிடுவது மெய்யே. இயந்திர மேளம் பூட்டிய வடிவங்களில் இந்தக் குறை இன்னும் அதிகம். தாளக்காரன் உற்சாகத்தில் இம்மியளவு முந்துவதும், களைப்பில் இம்மியளவு பிந்துவதும் ஆகிய மனித சுபாவத்துக்கு அங்கே இடமே இல்லை.

குறை கூறுகிறவர் கவனித்துக் கேட்டதனால்தான் குறை கூறுகிறார். கவனம் என்பது அன்பின் ஒரு வடிவம். ஆனால் எல்லாக் குறைகளும் கவனத்திலிருந்து பிறப்பதில்லை. நாம் ஒரு பாட்டை முதன்முதல் கேட்ட வயது, அப்போது அருகில் இருந்தவர்கள், அந்த வீடு, அந்த மாலை நேரம் ஆகிய எல்லாமே அந்தப் பாட்டின் ஸ்வரங்களோடு சேர்ந்து நம் ஞாபகத்தில் பதிந்துவிடுகின்றன. புதியவர் ஒருவர் அதே பாட்டை வாசிக்கும்போது ஸ்வரங்கள் திரும்பி வருகின்றன. அந்த மாலையும் அந்த மனிதர்களும் திரும்பி வருவதில்லை. அந்த ஏமாற்றத்தை வாசித்தவர் தலைமேல் சுமத்திவிட்டு, ‘பழைய மாதிரி இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நம்முடைய துக்கம் நியாயமானது. ஆனால் அதற்கு அந்தப் பதினாறு வயதுப் பெண் பொறுப்பாளியல்ல.

அப்படியானால் புதிய வடிவங்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது? ஜெஸ் ஸ்டேஸியின் அந்த இரண்டு நிமிஷத்திலேயே இதற்கு விடை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அன்று அவர் வாசித்ததை ஸ்வரம் பிசகாமல் எழுதிவைத்துக்கொண்டு இன்று ஒருவர் வாசிக்க முடியும். கேட்பதற்கு இனிமையாகவும் இருக்கும். ஆனால் இன்ன ஸ்வரம் அடுத்து வரப்போகிறது என்று தமக்கே தெரியாத நிலையில், சபை நடுவே தம்மை ஒப்புக்கொடுத்தாரே, அந்தத் துணிவு பிரதியில் வராது. நம் சங்கீதத்தில் மனோதர்மம் என்று போற்றப்படுவதும் இதுவே. எனவே பழைய கலையிடம் விசுவாசமாக இருப்பதென்றால், முன்னோர் செய்ததைச் செய்தபடியே செய்வது போதாது. அதைச் செய்யும்போது அவர்கள் தம்முடையது எதையெல்லாம் பணயம் வைத்தார்களோ, அவ்வளவையும் நாமும் வைக்க வேண்டும். இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், பழைய தட்டின் துண்டை எடுத்துச் சுழல விட்டு, அதன் கீர்த்தியில் வாழ்கிற சரக்குகள் பெரும்பாலும் மங்கிப்போகின்றன. கியோத்தோ மாணவிகளின் வாசிப்போ, ஸ்விங்கின் அசைவில் சிறிது குறைந்தாலும், மூச்சையும் கால்களையும் இளமையின் விடியற்காலைகளையும் காணிக்கையாக வைத்திருப்பதனால் ஒளி குறையாமல் நிற்கிறது.

பணயம் வைக்கும் கடமை வாசிக்கிறவருக்கு மட்டும் உரியதன்று, ரசிகருக்கும் உண்டு. ஹிட்லரின் ஆட்சிக் காலத்தில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இளைஞர் சிலர் இந்த ஸ்விங் சங்கீதத்தை ரகசியமாகக் கேட்டும், அதற்கு நடனமாடியும் மகிழ்ந்தார்கள். யூதர்களும் நீக்ரோக்களும் ஆக்கிய சங்கீதம் என்று ஆட்சியாளர் வெறுத்த ஒன்றை விரும்பிய குற்றத்துக்காக, அவர்களில் பலர் பிடிபட்டார்கள். சிலர் சித்திரவதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு பாட்டைக் கேட்பதற்காகச் சுதந்திரத்தையே இழந்தவர்கள் இருந்த உலகத்தில், நாற்காலியில் சாய்ந்துகொண்டு அரை நிமிஷம் கேட்டுவிட்டு, ‘நன்று’ என்றோ ‘நன்றன்று’ என்றோ சொல்லிவிட்டு எழுந்துபோவது பெரிய அநியாயம். முழுதும் கேட்பதற்கான பொறுமையாவது நம்மிடமிருந்து அந்தக் கலைக்குச் சேர வேண்டிய கடன்.

பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் இது: உங்கள் காலத்துப் பாட்டை இளையவர் வாசிக்கும்போது கதவைச் சாத்தாதீர்கள், அருகில் அழைத்து உட்காரவைத்து, நீங்கள் கேட்ட இசைத்தட்டை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, எந்த இடத்தில் உங்கள் உள்ளம் உருகியது என்று சொல்லுங்கள். இளையவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: உங்களைத் துள்ள வைத்த மெட்டுக்கு முன்னால் ஒரு பிரீமாவும் ஒரு மண்டியும் ஒரு பெரியும் இருந்தார்கள், அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஓய்வான ஒரு நாளில் 1938ஆம் ஆண்டுக் கச்சேரியின் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை வேறு எந்த வேலையும் செய்யாமல் கேளுங்கள். இந்த இரண்டும் நடக்கிற வீட்டில் பழைய பாட்டு சாவதில்லை.