துடைப்பத்தின் தடம்

போன வருஷம் இளைஞர்களுக்காக நாங்கள் நடத்திய ஒரு முகாமில், கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தார். தாள் முழுக்க நீலம். அதன் குறுக்கே கறுப்பு இழுப்புகள். ஆள் இல்லை, குடிசை இல்லை, பறை இல்லை. "இதுல நம்ம சனம் எங்க தம்பி?" என்று கேட்டேன். "தெரியலண்ணா, கை அப்படிப் போச்சு" என்றார். "கை போனா போதுமா?" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் முகாமுக்கு வரவில்லை.

அன்றைக்கு நான் கேட்டது சரியான கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். ஒடுக்கப்பட்டவன் தூரிகை எடுத்தால் ஒடுக்குமுறையைத்தான் வரையணும், வெறும் நிறத்தைப் பூசுவது வயிறு நிறைஞ்சவன் வேலை என்று மேடையிலும் பேசியிருக்கிறேன். அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு துடைப்பம்.

எட் கிளார்க் அமெரிக்கக் கறுப்பின ஓவியர். 1926இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது விமானப்படையில் சேர்ந்து குவாம் தீவில் இருந்தார். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு. அந்தப் பிரிவினையை நிறுத்தச் சொல்லி ஆணை வந்ததே 1948இல்தான். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு கொடுத்த படிப்புதவியைக் கொண்டு சிகாகோவில் ஓவியம் படித்தார். 1952இல் பாரிஸ் போனார். அங்கே 1956 வாக்கில், தூரிகையின் அகலம் போதாமல், ஒரு தள்ளுதுடைப்பத்தைக் கையில் எடுத்தார். பெரிய கட்டடங்களைக் கூட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, நீளக் கட்டையில் மயிர் பதித்து, கம்பு பூட்டி, நின்றபடி முன்னால் தள்ளிக்கொண்டு போவது, அதுதான். கேன்வாஸைத் தரையில் விரித்துச் சாயத்தை ஊற்றி ஒரே வீச்சில் தள்ளினார். 2019இல் 93 வயதில் இறந்த அவரது பெயரோடு அந்தத் துடைப்பமும் சேர்ந்தே நிற்கிறது.

அவருக்குத் தேவைப்பட்டது வேகம். மணிக்கட்டு போடுகிற கோடு வேறு, உடம்பு போடுகிற கோடு வேறு. துடைப்பம் தள்ளத் தோள் வேண்டும், இடுப்பு வேண்டும், கால் நடக்க வேண்டும். தனித்தனியாக ஊற்றிய இளஞ்சிவப்பும் நீலமும் வெள்ளையும் தள்ளும்போது ஒன்றையொன்று கீறிக்கொண்டு ஓடுகின்றன. எங்கே அழுத்தம் கூடியது, எங்கே கை தளர்ந்தது என்பதெல்லாம் நிறத்திலேயே பதிந்து கிடக்கிறது. இந்த வீச்சில் கோபம் போன்ற ஏதோ ஒன்றும் இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு மனிதரை எப்படி வரைந்தாலும் அது பொய்தான், சாயம் பட்ட தடமே உண்மை என்பது அவர் கட்சி.

1960களின் கடைசியில் பிரான்சின் வெத்தேய் என்ற ஊரில், ஜோன் மிட்செல் என்ற ஓவியரின் வீட்டில் தங்கி வேலை செய்தபோது நீள்வட்டப் படங்களைத் தொடங்கினார். நம் கண் உலகத்தை நாலு மூலைக்குள் பார்ப்பதில்லை, பார்வைப்புலம் நீள்வட்டமானது, அப்படியிருக்க படம் மட்டும் ஏன் சன்னல் மாதிரி இருக்கணும் என்று அவர் யோசித்தார். நிறத்தை மூளைக்குப் போகிற செய்தியாக அவர் நினைக்கவில்லை. தள்ளுகிற தோளுக்கும் பார்க்கிற கண்ணுக்கும் நடுவே நடக்கிற காரியம் அது.

என் அம்மா 28 வருஷம் தெருக் கூட்டியவர். ஒருநாள் புத்தகத்தில் இருந்த கிளார்க்கின் படம் ஒன்றை ஒன்றும் சொல்லாமல் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தொடப்பமா இது? இழுக்கல, தள்ளியிருக்கான். இந்தா, இங்க அழுத்தம் கொறையுது பாரு, மூச்சு வாங்கியிருக்கும்" என்றார். நான் கட்டுரைகளாகப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் தோளாலேயே படித்துவிட்டார். அப்புறம் கேட்டார்: "ஏன்டா, இத யாரும் கழுவி விடலையா?"

அந்தக் கேள்வியை என்னால் தாண்ட முடியவில்லை. 28 வருஷம் அவர் தோளும் இடுப்பும் போட்ட வீச்சுகளில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. கூட்டுகிற வேலையின் லட்சணமே அதுதான். செய்த தடம் தெரியாமல் போனால்தான் வேலை ஒழுங்காக நடந்ததாக அர்த்தம். தெரு சுத்தமாக இருந்தால் கூட்டியவள் யார் கண்ணுக்கும் படுவதில்லை. குப்பை கிடந்தால் மட்டும் "எங்கே அவ?" என்று தேடுவார்கள்.

1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் பேஷ்வாக்களின் புனேவைப் பற்றிச் சொல்கிறார். தீண்டப்படாதவர் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அவர் மிதித்த மண்ணில் ஒரு சாதி இந்து கால் வைத்துவிடக்கூடாது என்பதற்காக, அந்தத் துடைப்பம் பின்னாலேயே மண்ணைப் பெருக்கிக்கொண்டு வரும். தன் காலடித் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு நடக்க வேண்டிய உடம்பு! உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு நடை விதிக்கப்பட்டதா என்று தெரியவில்லை. அந்தத் துடைப்பம் தடத்தை அழிப்பதற்கு. கிளார்க்கின் துடைப்பமோ தடத்தைத் தவிர வேறு எதையும் விட்டுவைக்கவில்லை.

இங்கே தோழர்கள் குறுக்கிடுவார்கள். துடைப்பத்துக்கு அழகு கற்பிப்பது புதிசா? 1936இலேயே காந்தி 'ஹரிஜன்' இதழில் இலட்சியத் தோட்டி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதவில்லையா? 2014 அக்டோபர் 2ஆம் தேதி தில்லியின் வால்மீகி பஸ்தியில் பிரதமரே துடைப்பத்தோடு படம் பிடித்துக்கொள்ளவில்லையா? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் போட்டும் குழிக்குள் இறங்கிச் சாவது நிற்கவில்லையே, இதில் நிறத்தைப் பற்றி என்ன பேச்சு?

நியாயமான கேள்விகள். இழிவை ஒழிக்காமல் இழிதொழிலை மட்டும் புகழ்வது ஏமாற்று என்று 1945இலேயே காங்கிரசையும் காந்தியையும் பற்றிய தன் நூலில் அம்பேத்கர் தோலுரித்துவிட்டார். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்கணும். காந்தியின் புகழ்ச்சியில் துடைப்பம் அதே கையில், அதே தெருவில்தான் இருக்கிறது. அதன் மேல் ஒரு மாலை விழுகிறது, அவ்வளவுதான். கிளார்க்கின் துடைப்பம் யாருக்கும் ஊழியம் செய்யவில்லை. எதையும் சுத்தப்படுத்தவில்லை. இருந்த வெள்ளைத் துணியை நிறத்தால் நாசம் பண்ணியது. வேலையிலிருந்து அசைவைப் பிடுங்கிக்கொண்டு, வேலையை அது உதறிவிட்டது.

கிளார்க் இதையெல்லாம் நினைத்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. துடைப்பத்தை அவர் இழிவின் சின்னமாக எடுக்கவில்லை, கைக்கு வாகான கருவியாகவே எடுத்தார். என் வீட்டுச் சுமையை அவர் தலையில் ஏற்றக்கூடாது. அவர் சுமை வேறு. வெள்ளையர்களின் காட்சிக்கூடங்கள் பெரும்பாலும் கறுப்பர்களைச் சீண்டவில்லை. 1960களில் எழுந்த கறுப்புக் கலை இயக்கத்திலோ, நம் மக்களின் முகம் எங்கே, போராட்டம் எங்கே என்று கேட்டவர்கள் பலர். நான் அந்தத் தம்பியிடம் கேட்ட அதே கேள்வி.

சாட்சியம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் கதையை நாம் சொல்லாவிட்டால் வேறு எவனாவது தனக்குத் தோதாகச் சொல்லிவிடுவான். ஆனால் எப்போதும் காயத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒருவனுக்கு விதிப்பதும் ஒரு வேலைப் பிரிவினைதான். அவனுக்கு நிறம், வீச்சு, விளையாட்டு. நமக்கு வடு. இந்தப் பங்கீட்டை யார் செய்தது? நம் உடம்புக்குள் தலைமுறைகளாகச் சேர்ந்த அசைவுகள் இருக்கின்றன. கூட்டிய தோள், அறுத்த கை, பறையடித்த விரல். இவற்றைக் கதையாக மட்டும்தான் வெளியே எடுக்கலாம் என்பது என்ன சட்டம்? கை போன போக்கிலும் ஒரு வரலாறு போயிருக்கலாம். அதைப் பார்க்கத் தெரியாமல் இருந்தது நான்தான். என் அம்மாவுக்குத் தெரிந்தது.

அந்தத் தம்பியை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் முதலில் மன்னிப்புக் கேட்கணும். அப்புறம் அந்த மடித்த தாளைப் பிரித்துக் காட்டச் சொல்லி, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் கை போச்சு தம்பி என்று கேட்கணும்.