உயிர்த்த ஞாயிறன்று தீப்பெட்டியைத் தேடலாமா?



சில காலத்துக்கு முன் ஒரு காலைவேளை உடப்புக் கடற்கரையில் நின்றேன். கரைவலைக்கும், வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாடலுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. இரண்டு கைகளாலும் கயிற்றைப் பற்றியிருந்த தொழிலாளருள் ஒருவர்கூட நெடுநேரம் பீடியை நினைக்கவில்லை. வலையின் மடி கரையை நெருங்கியதும் பலருடைய கண்கள் தீப்பெட்டியைத் தேடின.

அவர்களுள் முதியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு நோன்பிருக்கும் நாட்களிலும் அப்படித்தான் சுவாமி. பீடியின் நினைவே வராது. நோன்பு முடியும் நாள் நெருங்கினால்தான் கை துருதுருக்கும்" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனெனில் நானும் பதினொரு ஆண்டுகள் சிகரட் புகைத்தவன். ஒவ்வொரு விபூதிப் புதனும் நிறுத்துவேன். நாற்பது நாட்களையும் விரல்விட்டு எண்ணுவேன். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து, திருவுடையைக் கழற்றிய கையோடு பற்றவைப்பேன். ஆண்டவர் கல்லறையை விட்டு வெளியே வந்த காலையில் நான் என் கல்லறைக்குள் திரும்பிப் போனேன்.

முதியவர் சொன்னதையே விஞ்ஞானிகளும் கண்டிருக்கிறார்கள். யூதருள் பக்தியுள்ளோர் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவதில்லை, ஆகவே புகைப்பதுமில்லை. 2005-இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றின்படி, வேலை நாளில் புகைக்காமலிருக்கச் சொன்னபோது தவித்த அவர்கள், ஓய்வுநாளில் அவ்வளவு தவிக்கவில்லை. 2010-இல் விமானப் பணியாளரை ஆராய்ந்தார்கள். நான்கைந்து மணி நேரப் பயணமாயினும், பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமாயினும், விமானம் தரையிறங்கும் வேளையில்தான் ஏக்கம் உச்சத்தை எட்டியது. எத்தனை மணி நேரம் புகைக்கவில்லை என்பதைவிட, இனி எப்போது புகைக்கலாம் என்ற எதிர்பார்ப்பே அவர்களை வாட்டியது.

இது ஏன்? நம் மூளையில் நன்மையை நாடத் தூண்டும் ஓர் அமைப்பை இறைவன் வைத்திருக்கிறார். பசித்தவன் உணவையும் தாய் பிள்ளையையும் நாடுவதில் அதற்குப் பங்குண்டு. டோபமின் என்னும் இரசாயனம் அதன் தூதுவன். இழுத்த புகையிலுள்ள நிக்கொட்டின் பத்திருபது விநாடிகளில் மூளையை அடைந்து, அந்தத் தூதுவனைப் பொய்யாக எழுப்பிவிடுகிறது. குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஆராய்ந்த வொல்பிராம் ஷுல்ட்ஸ் மற்றொன்றையும் கண்டார். பழகியபின் மூளைக் கலங்கள் சாற்றுக்குத் துள்ளவில்லை. சாறு வரப்போகிறது என்ற அடையாளத்துக்கே துள்ளின. எதிர்பார்த்த சாறு வராதபோது சோர்ந்தன. புகைப்பவருக்குத் தேநீர்க் கோப்பை, நண்பனின் குரல், வேலை முடிந்த நேரம் ஆகிய யாவும் அத்தகைய அடையாளங்களே.

விரும்பும் நன்மையைச் செய்யாமல் வெறுக்கும் தீமையையே செய்கிறேன் என்ற பொருளில், புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் புலம்புகிறார். அடிமைப்பட்ட நெஞ்சின் வேதனையை அவர் அறிந்திருந்தார். ஆகவே, புகைப்பவரைக் கோழை என்று ஏசாதீர்கள். அவருடைய மூளை கட்டுண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டு அவிழக்கூடியது. நிறுத்தியபின் முதல் சில நாட்களே மிகக் கொடியவை. சில வாரங்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் தணியும். ஏறத்தாழ மூன்று மாதங்களில், நிக்கொட்டினுக்காக மூளையில் பெருகியிருந்த ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

நாம் செய்ய வேண்டியது என்ன? கதவை முழுவதாக அடைப்பது. "ஒன்றை மட்டும் வைத்திருப்பேன்" என்று அலுமாரியில் ஒளிக்கும் சிகரட், ஏக்கத்துக்கு நாமே வைக்கும் விளக்கு. வைத்தியரிடம் கூச்சமின்றிப் போங்கள். நிக்கொட்டின் சூயிங்கம் போன்றவற்றின் உதவியைப் பெறுவது விசுவாசக் குறைவன்று. பெற்றோரே, சிகரட் வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அதை விற்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தகப்பனுக்காகக் கடைக்கு நடந்த கால், நாளை தனக்காகவும் நடக்கும்.

டப்ளின் நகரத் தொழிலாளி மற் டால்பற் 1884-இல் குடியை விட்டபோது, மூன்று மாதங்களுக்கே வாக்குக் கொடுத்தார். பின்பு ஆறு மாதங்களுக்கு, அதன்பின் ஆயுளுக்கும். புகையிலையையும் விட்டார். 1925-இல் இறக்கும்வரை வாக்குத் தவறவில்லை. 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவரும் நாள் குறித்தே தொடங்கினார். ஆனால் குறித்த நாள் வந்தபோது தீக்குச்சியைத் தேடவில்லை, வாக்கைப் புதுப்பித்தார்.

நானும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று அப்படியே செய்தேன். பற்றவைக்க வேண்டிய நேரத்தில், "ஆண்டவரே, இன்றும் வேண்டாம்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். இன்று காலையும் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். அவரைக் கண்காணிக்காதீர்கள், அவரோடு சேர்ந்து செபியுங்கள். கல்லறையின் கல்லைப் புரட்டிய ஆண்டவர் இந்தக் கல்லையும் புரட்டுவாராக.