பேறுகாலப் பணிவிடை

பிரசவ வேதனையால் துடித்த மாதொருத்தியைக் கண்டு மனமுருகிய அங்குலிமாலர், அதனைப் பகவானிடம் விண்ணப்பித்தார். பகவானோ அவரை அவளிடமே திரும்ப அனுப்பி, சத்திய வாக்கினால் தாயையும் சேயையும் நலம்பெறச் செய்வித்தார். இரங்கினால் மட்டும் போதாது, அருகிற் செல்லவும் வேண்டுமென்பதே இதன் கருத்தாகும்.

நம் பெங்களூரில் 1935-ல் திறக்கப்பெற்ற வாணி விலாஸ் மருத்துவமனையாயினும், சிற்றூர்ச் சுகாதார நிலையமாயினும், தாய் படும் வேதனை ஒன்றே. பிணியாளரைப் பேணுவோர்க்குப் பகவான் ஐந்து தகுதிகளை விநயத்தில் வகுத்தருளினார்: மருந்தைச் சித்தஞ்செய்யும் திறன், ஏற்பன ஏலாதன அறிதல், ஊதியங்கருதாத அன்பு, மலமூத்திரங்களை அருவருக்காமை, நன்மொழியால் தேற்றுதல். முன்னிரண்டும் தாதியர் கற்றறிவன. பின்மூன்றும் நம் எல்லோர்க்கும் உரியன.

அரசாங்க மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாயுடன் பெண்துணை ஒருவர் இருக்க, இந்திய அரசு 2016-ல் இசைவளித்தது. உலக சுகாதார நிறுவனமும் தாய் விரும்பும் துணை உடனிருத்தலை 2018-ல் வற்புறுத்தியது. ஆதலின் நம் இல்லத்துப் பெண்ணைத் தனியே விடாதிருப்போம். அவள் அலறுங்கால் கடிந்துரையாது கைப்பற்றித் தேற்றுவோம். வெளியே காத்திருக்கும் நாம், ஆணா பெண்ணா என வினவுமுன் தாய் நலமா என வினவுவோம். அதுவே மைத்திரியின் முதற்படி.

தாயும் சேயும் சுகமாயிருக்கக் கடவர்!