பாதியில் எழுந்து போனவன்

இந்த மாதச் செய்திக்கு முன்னால் உங்கள் பாஸ்டர் ஒரு அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. பொறுமையாய் வாசியுங்கள்.

நம் சபைத் தம்பி ஒருவன் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். பதினொன்றாம் வகுப்பு. "ஐயா, சனிக்கிழமை மேட்ச். நீங்க கண்டிப்பா வரணும்" என்று கூப்பிட்டான். போனேன். (விளையாட்டெல்லாம் உலகக் காரியமாச்சே என்று முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1891-ல் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பீச் பழக்கூடையைச் சுவரில் மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், இறையியல் படித்தவர். நம் மெட்ராஸிலும் 1920-ல் ஹாரி பக் என்பவர் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினது ஒய்.எம்.சி.ஏ. மூலமாகத்தான்.)

மூன்றாவது கால் பாகம் முடியும்போது நம்ம பிள்ளைகள் 17 புள்ளி பின்னால். தலை தொங்கிப்போச்சு. இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்து, வீட்டு ஜெபத்துக்கு நேரமாச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். உண்மையைச் சொல்லுகிறேன், ஜெபத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ராத்திரி எட்டு மணிக்குத் தம்பி வாசலில் நிற்கிறான். வேர்வை காயவில்லை. "ஐயா, ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சிட்டோம்!" அடுத்தபடியாக, "திரும்பிப் பார்த்தேன், உங்களைக் காணோம்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

என் முகத்தைப் பார்த்துப் பையனே ஆறுதல் சொன்னான். "நீங்க மட்டும் இல்லய்யா" என்று சொல்லி செல்போனில் ஒரு ஆட்டத்தைக் காட்டினான். 2013 ஜூன் 18, அமெரிக்காவின் மயாமி நகரம். என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். இன்னும் 28 வினாடிதான் பாக்கி, சொந்த ஊர் அணி ஐந்து புள்ளி பின்னால். எதிரணிக்குக் கோப்பை கொடுக்க மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆள் வந்தாயிற்று. ஜனங்கள் கூட்டமாய் எழுந்து வெளியே போகிறார்கள். அப்போது லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த பந்து தவறுகிறது. கிறிஸ் பாஷ் அதைத் தாவிப் பிடித்து, மூலைக்குப் பின்னாகவே நடந்துபோன ரே ஆலனிடம் கொடுக்கிறார். 5.2 வினாடி மிச்சம். பந்து கூடைக்குள்! 95-95. கூடுதல் நேரத்தில் 103-100 என்று மயாமி ஜெயித்தது. வெளியே போனவர்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை.

ரே ஆலன் அந்த ஒரு எறிதலை, தரையில் படுத்து எழுந்து, பின்னாகவே மூலைக்கு ஓடி, பந்தை வாங்கி எறிந்து, யாரும் பார்க்காத வேளைகளில் வருஷக்கணக்காய்ப் பழகியிருந்தாராம்.

கர்த்தர் மயாமி பக்கம் இருந்தார் என்று நான் பிரசங்கிக்க மாட்டேன். அன்று தோற்ற சான் அன்டோனியோ அணி அடுத்த வருஷமே, 2014-ல், அதே மயாமியை 4-1 என்று வீழ்த்தியது. அந்தக் கதவுதான் என்னை விடவில்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்து 1 சாமுவேல் 30-ம் அதிகாரத்தைத் திறந்தேன்.

சிக்லாகு எரிந்து கிடக்கிறது. மனைவி பிள்ளைகள் சிறைப்பட்டுப் போனார்கள். தாவீதைக் கல்லெறிய வேண்டும் என்று சொந்த ஜனமே பேசுகிறது. அவனோ கர்த்தருக்குள் தன்னைத் திடப்படுத்திக்கொண்டு, துரத்திப்போய், ஒன்றும் குறைவுபடாமல் எல்லாவற்றையும் மீட்டான். அல்லேலூயா! இதை நான் எத்தனை உபவாசக் கூட்டத்தில் முழங்கியிருக்கிறேன்! ஆனால் எனக்கு அன்று கண்ணில் பட்டது வேறு. எதிரி எங்கே இருக்கிறான் என்று தாவீதுக்கு வழி காட்டினது யார்? வியாதிப்பட்டான் என்று எஜமான் மூன்று நாளைக்கு முன்னே வெளியில் விட்டுவிட்டுப் போன ஒரு எகிப்தியன். 'இவன் தேறமாட்டான்' என்று ஒருவன் கணக்கு முடித்துவிட்ட ஆள். அவனுக்கு அப்பமும் அத்திப்பழமும் தண்ணீரும் கொடுத்து உயிர் வரப்பண்ணினார்கள். பேசோர் ஆற்றண்டை களைத்து உட்கார்ந்துவிட்ட இருநூறு பேருக்கும் தாவீது சமபங்கு கொடுத்தான். ஓட முடியாதவர்களை அவன் கழித்துப் போடவில்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆவியானவர் ஒரு முகத்தைக் காட்டினார். அந்தத் தம்பியின் தகப்பனார். (அவரும் பிள்ளையும் சம்மதித்தபடியால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.) பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். வேலை குறைந்து, கடன் ஏறி, "ஜெபிச்சு என்ன கண்டோம் பாஸ்டர்" என்று ஒருநாள் கேட்டார். சபைக்கு வருவது நின்றது. நாலு தரம் போய்ப் பார்த்தேன். ஐந்தாம் தரம் போகவில்லை. அவர் பெயரை என் ஜெபக் குறிப்பேட்டிலிருந்து எப்போது விட்டேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை, பிரியமானவர்களே. மைதானத்திலிருந்து எழுந்து போனதற்கு முன்னாலேயே நான் அந்த வீட்டிலிருந்து எழுந்து போயிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் போனேன். தறிச்சத்தம் தெருவிலேயே கேட்டது. "வாங்க பாஸ்டர்" என்றார், குழியை விட்டு எழவில்லை. "பாதியில விட்டுட்டுப் போயிட்டேன் அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றேன். பதில் இல்லை. நாடா இரண்டு மூன்று தரம் போய் வந்தது. பாவில் ஒரு இழை அறுந்தது. குனிந்து இரண்டு முனையையும் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டார். பிறகு உள்ளே பார்த்து, "பாஸ்டருக்குத் தண்ணி கொண்டாம்மா" என்றார்.

போன ஞாயிறு ஆராதனைக்கு அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறேன். சகோதரர்கள் யாராவது கூட வர விருப்பமானால் ஆறு மணிக்கு சபை வாசலில் நில்லுங்கள். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.