இல்லாமை எதற்குச் சான்று?

மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்கச் செல்லும்போது, அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது அளவை நூல். மெய்யான ஏது, அதாவது ஒரு முடிவுக்குக் காட்டும் காரணம், எது, ஏதுவைப் போலத் தோன்றும் போலி எது என்று பிரித்தறிந்த பிறகே மற்ற உண்மைகள். ஏது ஒத்த இடத்தில் இருக்க வேண்டும், மாறான இடத்தில் இருக்கக் கூடாது என்பது அந்த முறையின் உயிர்நாடி. கணினியியலிலும் பொறியியலிலும் பெண்கள் குறைவாக இருப்பதைக் காட்டி, 'அது அவர்கள் இயல்பு' என்று முடிப்பவர்களின் வாதத்தை இந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஓரிடத்தில் ஒருவர் இல்லாதது அவருடைய இயல்புக்குச் சான்றாகுமா? மனித இயல்பை நாம் எதைக் கொண்டு அறிகிறோம் என்ற பழைய தத்துவக் கேள்விதான் இது.

இயல்பு என்று ஒன்று இருந்தால் அது இருபது ஆண்டுகளில் மாறிவிடாது. அமெரிக்காவில் 1984 வாக்கில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் பெண்கள். 2010 வாக்கில் அது 18 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது. இடையில் மாறியது வீட்டுக் கணினி. அது பையன்களின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது. ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகிய பையன்களை மனத்தில் வைத்தே கல்லூரியின் முதல் வகுப்பும் நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதை ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் ஆராய்ந்தார்கள். முன்பயிற்சிக்குச் சேர்க்கையில் தந்த எடையைக் குறைத்து, பழகியவர்களுக்கும் புதியவர்களுக்கும் தனித்தனித் தொடக்க வகுப்புகள் வைத்ததும், 1995-இல் 7 விழுக்காடாக இருந்த பெண்கள் சேர்க்கை 2000-இல் 42 ஆனது. அதே நாடு, அதே சட்டம், அதே தலைமுறை. 'இயல்பு' என்ற ஏது இங்கே நிற்க இடமில்லை.

'திறமை இருக்கலாம், விருப்பம் இல்லையே' என்பது இதைவிட வலுவான மறுப்பு. சமத்துவத்தில் முன்நிற்கும் நார்வேயிலும் ஃபின்லாந்திலும் தொழில்நுட்பப் பட்டங்களில் பெண்களின் பங்கு துனீசியாவை விடக் குறைவு என்பதை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தட்டிக்கழிக்கக் கூடாத ஆதாரம் இது. ஆனால் சட்டம் சமமாவதாலேயே ஒரு துறை யாருக்கானது என்ற எண்ணம் மாறிவிடுவதில்லை. சுதந்திர நாடான அமெரிக்காவின் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஐந்தே ஆண்டில் 7 எப்படி 42 ஆனது என்பதையும் இந்த வாதம் விளக்காது. பெண்ணின் இயல்பு என்று நாம் சொல்வது நெடுங்காலம் வளைக்கப்பட்ட ஒன்று, வளைக்காத நிலையில் அதை யாரும் பார்த்ததில்லை என்று 1869-இலேயே ஜான் ஸ்டூவர்ட் மில் வாதிட்டார். இந்தியாவில் இளநிலை அறிவியல் மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பொறியியலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பள்ளியில் இந்த இரு துறை மாணவர்களில் பலரும் படித்தது அதே கணிதமும் இயற்பியலும். ஐஐடி நுழைவுத் தேர்வுக்கோ பல ஆண்டுப் பயிற்சி, பெரும் பணம், பயிற்சி மையங்கள் நிறைந்த கோட்டா போன்ற ஊரில் தனியே தங்கல் எல்லாம் வேண்டும். அந்தச் செலவை மகனுக்குச் செய்யலாம், மகளுக்கு வேண்டாம் என்று வீடு முடிவெடுத்தபின், மகளின் விருப்பம் எங்கிருந்து கணக்கில் வரும்?

தகுதி கெடும் என்று அஞ்சுவோருக்கும் பதில் இருக்கிறது. 2018-இல் ஐஐடிகள் பெண்களுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கியபோது ஆண்களுக்கு இருந்த வாய்ப்பைக் குறைக்கவில்லை. அந்த இடங்களுக்கு வந்தவர்களும் அதே தேர்வில் தேறியவர்களே. அதற்கு முன் 8 விழுக்காடு அளவில் இருந்த பங்கு 2020-இல் 20-ஐ எட்டியது. ஆனால் அதற்குப் பிறகும் ஏறத்தாழ அங்கேயே நிற்கிறது. 20 என்பது நிர்வாகம் வைத்த இலக்கு. வாசலில் இடம் கூடியிருக்கிறது. வாசல்வரை வரும் வழியில், பயிற்சிக்கும் பயணத்துக்கும் யாருக்குப் பணம் ஒதுக்குவது என்ற வீட்டுக் கணக்கு இன்னும் மாறவில்லை. இந்தத் தேக்கத்தையும் நாளை ஒருவர் 'இயல்பு' என்று சொல்ல வரலாம். அவரிடம் கேட்க வேண்டியது, 8 எந்த இயல்பினால் 20 ஆனது என்பதைத்தான்.