வணிகத்தில் சமநோக்கு

எல்லா உயிர்களிலும் உறைவது ஒரே பரம்பொருள் என்பது சாஸ்திரங்களின் முடிவு. பூஜையறையில் இதை ஏற்றுக்கொள்வது எளிது. லாபமும் நஷ்டமும் கண்முன் நிற்கும் கடையிலும் அலுவலகத்திலும் இதைக் கடைப்பிடிப்பதே கடினம். பலதரப்பட்ட மக்களையும் அரவணைக்க வேண்டும் என்று இன்று வணிக உலகமே பேசுகிறது. இங்கே ஒரு கேள்வி எழுகிறது: ஆதாயம் கருதி ஒருவரை அரவணைத்தால் அது அறமாகுமா?

பெங்களூரின் ஆஸ்டின் டவுன் பகுதியில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, ஆங்கிலம் எல்லாம் ஒரே தெருவில் ஒலிக்கும். அத்தகைய இடத்தில் கடை நடத்துபவர், வருபவரின் மொழியிலேயே விலை கூறப் பழகிக்கொள்கிறார். விற்பனை பெருகும் என்பதே காரணமாக இருக்கட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் அவரே கடைக்கு உதவியாளர் ஒருவரைத் தேடும்போது ஜாதியையும் மதத்தையும் மொழியையும் பார்ப்பாரானால் என்ன பொருள்? அவர் மதித்தது மனிதரை அன்று. அவர் கையிலிருந்த காசை.

விளம்பரங்களையும் இவ்வாறே ஆராயலாம். 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பின் விளம்பரங்கள், சிவந்த நிறமே வேலையும் நல்ல வரனும் பெற்றுத் தரும் என்று பல ஆண்டுகள் போதித்தன. இத்தகைய எண்ணத்தை எதிர்த்து 2009-ல் சென்னையில் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் தோன்றியது. 2020-ல் அக்களிம்பின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. நல்லதே. ஆயினும் 'சிவந்த நிறமுடைய பெண் தேவை' என்று மணமகள் தேடுவது நாம் அல்லவா? நம் மனத்தில் இருப்பதையே வியாபாரி நமக்கு விற்கிறார்.

பெங்களூருக்கு அருகில், ஓசூரில், இதன் மறுபக்கத்தைக் காணலாம். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் 1984-ல் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் அங்கே கடிகாரத் தொழிற்சாலையை நிறுவியது. உடற்குறை உடையோருக்கும் அங்கே பணி கிடைத்தது. மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையுடன், சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குக் கடிகாரப் பட்டை கோக்கும் வேலை தரப்பட்டது. சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த அப்பெண்களே 'மெடோ' என்ற நிறுவனத்தின் பங்குதாரர்களும் ஆயினர்.

அதே டைட்டனின் நகைப் பிரிவான தனிஷ்க், 2013-ல் மாநிறப் பெண் ஒருத்தி தன் சிறு மகளுடன் மறுமண மேடை ஏறுவதை விளம்பரமாக்கிப் பாராட்டுப் பெற்றது. 2020 அக்டோபரில், இந்து மருமகளுக்கு முஸ்லிம் குடும்பத்தார் வளைகாப்பு நடத்துவதாகக் காட்டிய விளம்பரத்தையோ, எதிர்ப்பு வலுத்ததும் விலக்கிக்கொண்டது. ஊழியர்களின் நலனையும் ஒரு காரணமாகக் கூறியது. அம்முடிவு சரியா, தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். விளம்பரத்தில் தரும் இடத்தைச் சில நாட்களில் திரும்பப் பெற்றுவிடலாம். உழைப்பவர் கையில் உள்ள பங்குரிமையை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது. அரவணைப்பின் ஆழம் இதில்தான் வெளிப்படுகிறது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஆதாயத்தை எண்ணித் தொடங்கிய நற்செயலைப் பழிக்க வேண்டியதில்லை. பலனை விரும்பிச் செயலில் இறங்குபவர்தாம் நம்மில் பெரும்பாலோர். செய்யச் செய்ய மனம் தூய்மை பெறுகிறது என்பதே கர்மயோகத்தின் நம்பிக்கை. ஆனால் சோதனை ஒன்று உண்டு. ஆதாயம் நின்று, நஷ்டம் தொடங்கும் நாளிலும் அந்தக் கதவு திறந்திருக்கிறதா? திறந்திருந்தால், வியாபாரமாகத் தொடங்கியது தர்மமாகக் கனிந்துவிட்டது எனலாம்.

முதலாளிகளுக்கு மட்டும் உரியதன்று இச்சோதனை. வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்தும்போதும், வாடகைக்கு வீடு விடும்போதும், அலுவலகத்தில் புதியவர் ஒருவர் நம்மருகே வந்து அமரும்போதும் நாமும் சோதிக்கப்படுகிறோம். அத்தருணங்களில் எதிரே நிற்பவரிடம் இறைவனைக் காண முயல்வோம். சமநோக்கு என்னும் சாதனைக்கு நாள்தோறும் நமக்கு வாய்க்கும் களம் அதுவே.