சீட்டின் கடைசி வரி

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் எடுங்கள். மாத்திரையின் பெயருக்கு நேரே 1-0-1 என்று இருக்கும். அதை வேதவாக்காக எண்ணி வேளை தவறாமல் விழுங்குகிறீர்கள். அதே பேனாவில், அதே கையெழுத்தில், கீழே இன்னொரு வரி இருக்கிறதே: ‘தினமும் 30 நிமிடம் நடக்கவும்.’ அதை ஏன் விட்டீர்கள்? மெடிக்கல் ஷாப்பில் விற்பதில்லை என்பதாலா? அந்த மருந்தை நீங்கள்தான் தயாரிக்க வேண்டும். உங்களால் முடியும்!

நடப்பதெல்லாம் ஒரு மருந்தா என்று இளக்காரம் வேண்டாம். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. உடலுழைப்பும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்து, நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்பார்மின் மாத்திரை குறைத்தது 26.4 சதவீதம். இட்லியும் சோறும் தின்று வளர்ந்த நம்மவர் உடம்பில் கிடைத்த கணக்கு இது!

லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படியேறி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று 1953இலேயே ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் காட்டிவிட்டார். அவர் வாழ்ந்ததும் 99 வயது வரை. அந்தக் கண்டக்டர்கள் ஜிம்முக்கா போனார்கள்? வேலை அவர்களை ஏற்றி இறக்கியது. உங்களை எழுப்பி நடத்த உங்கள் மன உறுதி போதும். நடக்கும்போது தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்த ஆற்றல் இந்த நிமிடமும் உங்கள் தொடையில் சும்மா கிடக்கிறது!

முழங்கால் வலியா? தேய்மான வலிக்கும் டாக்டர்கள் சொல்லும் சிகிச்சையில் உடற்பயிற்சி உண்டு. அரை மணி நேரம் மலைப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். சேலைக்கு ஷூ போட்டு நடந்தால் தெருவில் சிரிப்பார்களே என்று தயங்கும் அம்மா, சிரிப்பவர்களா நாளை உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகப் போகிறார்கள்? தலை நிமிர்ந்து நடங்கள்!

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மற்றபடி திங்கட்கிழமை, தை மாதம், பிறந்தநாள் என்று நாள் குறிக்காதீர்கள். இன்று மாலையே தெருவில் இறங்குங்கள்!